கேட்ட பிரசங்கத்தை நம் செய்தியாகக் கொடுக்கலாமா?

கேள்வி: கிராமச் சபை ஒன்றில் ஊழியம் செய்கிறேன். ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம் என வாரம் மூன்று செய்திகள் கொடுக்க வேண்டும். ஆயத்தப்பட நேரம் போதாததால், மூத்த போதகர் ஒருவர் யூடியூபில் பேசியவற்றைத் தலைப்பு முதல் உதாரணம் வரை அப்படியே எடுத்துப் பேசிவருகிறேன். சத்தியம் எல்லாருக்கும் பொதுதானே, இது தவறாகுமா?

பதில்: பிறருடைய பிரசங்கத்தைச் சபைக்குக் கொடுப்பதே தவறு என்று திருச்சபை சொன்னதில்லை. நன்றாகப் பேச வல்லவர்கள், சொந்தமாக இயற்ற இயலாதபோது, பிறர் எழுதியதை மனப்பாடம் செய்து வஞ்சகமின்றிப் பேசலாம் என்று பண்டைய வட ஆப்பிரிக்க நகரமான ஹிப்போவின் ஆயராயிருந்த அகஸ்டின் எழுதினார். 1547இல் இங்கிலாந்து திருச்சபை ஒரு பிரசங்கத் தொகுப்பையே வெளியிட்டு, அதை ஆராதனையில் வாசிக்கும்படி குருமாருக்குக் கட்டளையிட்டது. வாசிக்கப்படுவது குருவின் சொந்தச் செய்தி அன்று என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

உங்கள் சபையாருக்கு அது தெரியாது. அந்த வாரம் நீங்கள் வேதத்தை வாசித்து, ஜெபித்து, தங்களை மனதில் வைத்து ஆயத்தம் செய்த செய்தி என்று நம்பியே அவர்கள் கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது உதாரணங்கள்தான். “மருத்துவமனையில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன்” என்று அவர் தம் அனுபவத்தைச் சொல்லியிருக்க, நீங்களும் “சந்தித்தேன்” என்றே சொன்னால், அது பிரசங்கபீடத்தில் நின்று சொல்லும் பொய். அதற்கு மென்மையான வேறு பெயர் கிடையாது.

மூலப் பிரசங்கியின் அனுமதி இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். 2021இல் அமெரிக்காவின் ‘தென் பாப்திஸ்து மாநாடு’ என்னும் திருச்சபைப் பிரிவுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட் லிட்டன், தமக்கு முன் தலைவராயிருந்த ஜே. டி. கிரியர் ரோமர் நிருபத்திலிருந்து செய்த பிரசங்கத்தின் பகுதிகளைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்தியது அப்போது வெளிவந்தது. கிரியர் அனுமதி தந்திருந்தார். ஆயினும் பெயர் குறிப்பிடாதது தவறென்று லிட்டனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அனுமதி மூலப் பிரசங்கியோடு கணக்கைத் தீர்க்கலாம், சபையோடு தீர்க்காது.

விளக்கவுரைகளில் பொதுவாகக் காணப்படும் வேத விளக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லத் தேவையில்லை. ஒருவருடைய தலைப்புகளையும் செய்தியின் அமைப்பையும் எடுத்தால், “இந்தப் பகுதியை இப்படிப் பிரித்துப் பார்க்க இன்னாருடைய செய்தி எனக்கு உதவியது” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இதனால் உங்கள் மதிப்பு குறையாது. அனுபவத்தை எடுத்தால் “ஒரு போதகர் சொன்ன சம்பவம்” என்றே சொல்லுங்கள். கணினி எழுதித்தரும் செய்திக்கும் இதே அளவுகோல்தான்.

நேரமின்மை மெய்யான பாரம். அதை மூப்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஞாயிறு பேசிய பகுதியையே புதனன்று கேள்வி பதிலாகத் தொடரலாம். வெள்ளிக் கூட்டத்தைப் பக்குவமுள்ள ஒரு மூப்பர் நடத்தலாம். ஒரே செய்தியை நன்றாக ஆயத்தம் செய்வது, இரவல் வாங்கிய மூன்றைவிடச் சபைக்கு அதிகப் பயன் தரும்.

இதுவரை பேசியவற்றையும் அதே மூப்பர்களிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அந்தச் செய்திகள் சபையின் யூடியூப் பக்கத்தில் இருந்தால் நீக்கிவிடுங்கள். வைத்திருக்க விரும்பினால், அந்தப் போதகருக்கு எழுதி அனுமதி பெற்று, விவரப் பகுதியில் அவர் பெயரைச் சேருங்கள். ஆனால் அவருடைய அனுபவத்தை உங்களுடையதாகச் சொன்ன பதிவுகளை, அனுமதி கிடைத்தாலும் வைத்திருக்க வேண்டாம்.