இயற்கையின் சீற்றத்திலும் மனிதர் படும் துன்பத்திலும் கடவுளின் வல்லமையையும் நீதியையும் நீங்கள் கண்டதுண்டா?

வல்லமையைக் கண்டிருக்கிறேன். நீதியைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியவில்லை. பதில் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வடகால் பாசனத்தில் இருக்கிறது. பொதிகை மலையில் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்கிலும் உண்டு. அதனால் தாமிரபரணித் தண்ணீரில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல் விளையும். ஆற்றைக் கும்பிடுவது எங்களுக்குத் தனியாக யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. துறையில் இறங்கும்போது கை தானாகத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். கோலம் போட வெளியே வந்த அம்மா மழையைப் பார்த்துவிட்டுக் கோலப்பொடியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அன்று பகல், இரவு, மறுநாள் என்று மழை நின்றபாடில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு மழை கிடைக்காது. மலையில் பெய்து ஆறு பெருகுவது எங்களுக்குத் தெரிந்த விஷயம். 1992 நவம்பர் வெள்ளத்தை அப்பா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த முறை வானமும் எங்கள் தலைக்கு மேலேயே கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம், உடைந்த குளத்துத் தண்ணீர் இன்னொரு பக்கம்.

இரவு மாடியில் நின்றபோது கரண்ட் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். ஆறு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு சத்தம். என்னை அறியாமல் கைகூப்பி நின்றேன். பயத்தில் கும்பிட்டேனா பக்தியில் கும்பிட்டேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வல்லமையைக் கண்டேன் என்று சொன்னது அந்த இரவைத்தான்.

தண்ணீர் வடிந்தபோது எங்கள் வயலில் நட்ட பயிர் இல்லை. முழங்கால் அளவுக்கு மணல் கிடந்தது. வாழை மொத்தமும் போய்விட்டது. சரி, எங்களுக்குப் போனது பணம். எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் ஓர் அக்காவுக்குக் கணவர் போய்விட்டார். கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனவர் மேல் மண்சுவர் சரிந்து விழுந்தது. துக்கம் கேட்கப் போனவர்களிடம் அந்த அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?"

நீங்கள் கேட்ட கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கே ஒருவர் "எல்லாம் போன பிறவி வினை" என்றார். வேறு சிலர் ஜனங்கள் கெட்டுப்போனதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு கடவுளுக்காக நாம் தீர்ப்பு எழுதக் கூடாது. தண்டனை என்றால் ஆட்டை அவிழ்க்கப் போன மனிதருக்கா?

இதில் மனிதர் செய்ததும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நெல்லையில் புதிய பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்துக்குப் பெயரே வேய்ந்தான்குளம். கலெக்டர் ஆபீஸ் இருப்பது கொக்கிரகுளம். இரண்டு இடத்திலும் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயம் குளத்தையும் ஓடையையும் அடைத்தவர்களின் வீடு பார்த்துப் போகவில்லை. தாழ்ந்த இடத்தில், மண்சுவரில் இருந்தவர்களிடம்தான் போனது. இதைத் தெய்வ நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு சில நாள் நெல்லை டவுனில் ஆச்சி வீட்டில் இருந்தோம். அங்கேதான் இதை ஆச்சியிடம் கேட்டேன். திருநெல்வேலி என்ற பெயருக்குச் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேதசர்மர் என்ற சிவபக்தர் வீடு வீடாக நெல் வாங்கி வந்து, சாமி நைவேத்தியத்துக்காகக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். பெருமழை பிடித்துக்கொள்கிறது. நெல் போயிற்றே என்று ஓடி வந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம், நெல்மேல் ஒரு சொட்டு இல்லை. நெல்லுக்கு வேலி போட்ட சாமி, நெல்லையப்பர். அந்தச் சாமி எங்கள் வயலுக்கு ஏன் வேலி போடவில்லை, அந்த அக்கா வீட்டுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

ஆச்சி கோபப்படவில்லை. "எலே, அது அவரு வீட்டு நெல்லால? ஊரு கூடிக் குடுத்த நெல்லுல்லா" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அந்த நெல் யாருடையது என்று யோசித்ததே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை அள்ளிக் கொடுத்தது அது. கொடுத்தவர்களுக்கும் பஞ்சம்தான் இருந்திருக்கும்.

அப்புறம்தான் அந்த மூன்று நாளில் நடந்த மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் 17ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. முன்னால் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் சுமார் 800 பேர். பக்கத்தில் புதுக்குடிக்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் அப்பாவைத் தூக்கி வள்ளத்தில் உட்கார வைத்த பையன், துடுப்பை எடுக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அப்பா திருநீற்றுக் கையோடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அது எனக்கு வேலியாகத்தான் தெரிந்தது.

ஆனால் இதைச் சொல்லி அந்த அக்காவின் கணக்கை நேர் செய்துவிட முடியாது. அவர் வீட்டுக்கு வள்ளம் வந்து சேர்வதற்குள் சுவர் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்து ஆச்சி குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அந்த முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகிற மாதிரி, ஓடத்தின் முனைபோலக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் ஏறும்போது உற்சவரையும் மற்ற சாமான்களையும் கரையில் இருக்கும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவரைக் கொண்டுபோக முடியாது. அவர் பாறையிலேயே செதுக்கிய சாமி. இந்த வெள்ளத்தில் கோவிலே மூழ்கிப்போயிருந்தது.

நாங்கள் போனபோது ஆட்கள் மண்டபத்திலிருந்து சகதியை வாரிக்கொண்டிருந்தார்கள். தூணெல்லாம் செத்தையும் கிழிந்த துணியும் சுற்றிக் கிடந்தன. ஆச்சி வெகுநேரம் சன்னதியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு, "நாமெல்லாம் மேல ஏறிட்டோம். இவரால ஏற முடியாதுல்லா" என்றாள். யாரோ வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வாளியில் போட ஆரம்பித்தாள். ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது.

மழையை அனுப்பியவர் என்று மட்டுமே அதுவரை அவரை நினைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். மழைக்குள் நின்றவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீதி என்ற சொல்லுக்கு அருகில் நான் போனது அவ்வளவு தூரம்தான். அதற்கப்பால் யாராவது போயிருந்தால் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தை பிறந்து, வயலில் மணல் வாரத் தொடங்கியபோது அந்த அக்காவும் வந்தார். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது குறுக்குத்துறையில் பார்த்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் சோற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"அவ்வளவு தண்ணியிலயும் உள்ளயேவா நின்னாரு, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.