தனியாக ஓர் அறையில் இருக்கிறேன், கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது?

படிமுறைக் கட்டணம்தான் காரணம். பாவிக்கும் அலகு கூடக் கூட, ஓர் அலகின் விலையும் கூடும். குறைவாகப் பாவிப்பவருக்கு மலிவாகக் கொடுக்கவே இந்த முறை.

கிணற்றில் மேல்தண்ணீரை லேசாக அள்ளலாம், இறங்க இறங்கக் கயிறு நீள வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எடுத்த அறை வீட்டுக்காரரின் மீற்றரிலேயே ஓடினால், மலிவான அலகுகள் என்ற மேல்தண்ணீரை அவர் அள்ளி முடித்த பிறகுதான் உங்கள் வாளி இறங்குகிறது. அறை எடுக்கமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

1,000 வாட் கேத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1 அலகு. அதே அலகில் 50 வாட் மின்விசிறி 20 மணித்தியாலம் சுற்றும். விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் கிடக்காதீர்கள், பாவம். ஒருதரம் கொதித்ததைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வையுங்கள்.

மாதம் 60 அலகைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் 60 அலகின் விலையும் சேர்ந்தே மாறும்.