பாஷில் டேப் அழுத்தினால் கோப்பகங்கள் மட்டும் வருமா?

கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷ் நிரலில், கோப்பகம் மாற்றும் சிடி கட்டளைக்குப் பின் டேப் அழுத்தினால் சாதாரணக் கோப்புகளும் வந்து நிற்கின்றன என்கிறீர்கள். பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் 'கம்ப்ளீட் -டி சிடி' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் சேருங்கள். கோப்பகங்கள் மட்டுமே வரும். ஆனால் சிடிபாத் (சிடி தேடவேண்டிய கோப்பகங்களின் பட்டியல்) வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். அந்தப் பட்டியலை இது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை; டேப் நிரப்பலுக்கான பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு பார்க்கும்.

குறியீட்டு இணைப்பாக (வேறோர் இடத்தைச் சுட்டும் பெயராக) உள்ள கோப்பகத்துக்கு முதல் டேப்பிலேயே சாய்கோடு விழாதது வேறு தொல்லை. அது பாஷில் தட்டச்சைக் கையாளும் ரீட்லைனின் வேலை. அதன் அமைப்புகள் இருக்கும் இன்புட்ஆர்சி கோப்பில் 'செட் மார்க்-சிம்லிங்க்ட்-டைரக்டரீஸ் ஆன்' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 'செட் கம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸ் ஆன்' என்றும் சேர்த்தால், சிறிய எழுத்தில் டௌன்லோட்ஸ் என்று தொடங்கினாலும் போதும். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் இவ்விரண்டும் உடனே நடைமுறைக்கு வரும். முனையத்தை மூடித் திறக்க வேண்டியதில்லை.