கொண்டையைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் என்பதால் இதைக் கேட்கிறேன். காட்பாடியில் மாடி வீட்டில் இருக்கிறோம். மகனின் பிறந்தநாளுக்கு ஒரு காக்டெயில் கிளி வாங்கினோம். ஆறு மாதத்தில் பேசும் என்று கடைக்காரர் சொன்னார். ஒன்றரை ஆண்டு ஆகியும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சாம்பல் நிறம், முகத்தில் மஞ்சள் மங்கலாகத்தான் இருக்கிறது, வாலின் அடியில் கோடுகோடாக இருக்கும். மாடியில் தகரக் கொட்டகையின் கீழ் கூண்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். மதிய வேளையில் வாயைத் திறந்து, இறக்கையைச் சற்று அகட்டி, ஏதோ சொல்ல முயல்வதுபோல் இருக்கும், குரல்தான் வருவதில்லை. மகன் கையை நீட்டினால் சீறிக் கடிக்கிறது. இரவில் பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் போடுகிறது. பக்கத்து வீட்டு அம்மா நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். ஜவ்வாது மலைப் பக்கம் சொல்லிவைத்தால் பச்சைக்கிளிக் குஞ்சு கிடைக்கும், அதுதான் நன்றாகப் பேசும் என்கிறார் என் மாமனார். இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா? அல்லது இது என்றைக்காவது பேசுமா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

இதை வாசித்து முடிப்பதற்கு முன் எழுந்துபோய் அந்தக் கூண்டைத் தகரக் கொட்டகையிலிருந்து இறக்கி, வீட்டுக்குள் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். சமையலறையில் மட்டும் வேண்டாம். ஒட்டாத பூச்சுப் பூசிய தவா வெறுமனே காய்ந்து புகைந்தால், அந்தப் புகையே ஒரு சிறு பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

உங்கள் கிளி மதியத்தில் பேச முயலவில்லை. அதற்கு மூச்சு வாங்குகிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடற்சூட்டை வெளியேற்ற அவை அலகைத் திறந்து வேகமாக மூச்சுவிடும். இறகு குறைவாக உள்ள அக்குள் பகுதியில் காற்றுப் படுவதற்காக இறக்கையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பது அந்த நிலைதான். ஒரு வரி மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, பார்த்ததை அதன் பக்கமிருந்து யோசிக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைச் சொல்வார்கள். அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவிலும் கக்கிக்கொண்டிருப்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் நாமே நிற்க முடியாத தகரத்தின் கீழே ஓர் உயிரைக் கட்டித் தொங்கவிட்டு, அது தவிப்பதைப் பார்த்து, பேசப்போகிறது என்று காத்திருந்திருக்கிறோம். காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைதானே, வெயில் அதற்குப் பழக்கம்தானே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அங்கே அது வெயில் ஏறியதும் மரநிழலில் போய் ஒடுங்கும். தாகம் எடுத்தால் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டத்தோடு பறந்துபோகும். கூண்டில் அது எங்கே போகும்?

வசம்பு, மிளகாய் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். பறவையின் குரல் நெஞ்சுக்குள், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உண்டாகிறது. அலகுக்குள் எதைத் தேய்த்தாலும் அங்கே ஒன்றும் திறந்துகொள்ளப் போவதில்லை. மிளகாயின் காரமோ பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. உங்கள் மாமனாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: பச்சைக்கிளி நம் காட்டுப் பறவை, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். மரப்பொந்திலிருந்து குஞ்சை எடுத்துவரச் சொல்லிவைப்பது என்றால், தாயிடமிருந்து பறித்துவர ஆள் வைப்பது என்று பொருள். இதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறக் காக்டெயிலுக்கு முதல் இறகு உதிர்ப்பு முடிந்த பிறகும் முகத்தில் மஞ்சள் மங்கலாகவும் வாலடியில் வரிகளும் இருந்தால், அது பெரும்பாலும் பெட்டை. சீழ்க்கை அடிப்பதும் ஒன்றிரண்டு சொற்களைத் திருப்பிச் சொல்வதும் சேவலின் வேலை. பெட்டை அனேகமாகப் பேசாது. கடைக்காரர் குஞ்சின் பாலினம் தெரியாமலே உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. கிளி என்றால் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மிடம் எங்கிருந்து வந்தது? மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1989இல் பிரிக்கப்படும்வரை நம் வட ஆற்காடு மாவட்டத்திலேயே இருந்த திருவண்ணாமலையில் கிளி கோபுரம் நிற்கிறது. அருணகிரிநாதர் கிளியுருவில் அமர்ந்து பாடினார் என்பது ஐதீகம். நானும் அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து நெகிழ்ந்தவன்தான். ஆனால் அங்கே கிளியின் உடலுக்குள் இருந்தது ஒரு மகாகவி. கடையில் காசு கொடுத்து வாங்கிய கிளிக்குள் கிளிதான் இருக்கும். மனிதச் சொல்லை அது திருப்பிச் சொன்னால் வியந்து நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அது தன் சொந்த உடம்பால் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

குடியாத்தத்தில் என் அத்தை வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. வீட்டுக்கு வீடு அப்படி வளர்த்த காலம் அது. அந்தக் கிளி வாழ்நாள் முழுக்க ஒரு சொல் பேசியதில்லை. உறவுக்காரர்கள் அதை ஊமைக்கிளி என்பார்கள். அத்தை திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். கை பாட்டுக்கு இலையை உருட்டி நூலைக் கட்டிக்கொண்டிருக்கும். பார்வை அவ்வப்போது கூண்டுக்குப் போய்த் திரும்பும். நாங்கள் பிள்ளைகள் கூண்டை நெருங்கினால், “டேய், கிட்ட போவாத. கண்ண சுருக்கிச் சுருக்கிக் காட்டுது பாரு, புடுங்கிடும்” என்பார். அப்புறம்தான் நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள் வளையத்தின் நடுவே கருமணி கடுகளவுக்குச் சுருங்கும், மறுகணம் வளையமே தெரியாத அளவுக்கு விரியும், மீண்டும் சுருங்கும். வெளிச்சம் அப்படியே இருக்க, கண் மட்டும் அப்படித் துடிக்கும். கிளிகளால் தம் கருமணியைத் தாமே சுருக்கி விரிக்க முடியும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே ஏதோ கொதிக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தக் கொதிப்பு கோபமாகவும் இருக்கலாம், பெரும் சந்தோஷமாகவும் இருக்கலாம். எது என்பதை மற்ற உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அத்தை அதைப் படித்தவர் அல்லர். பிடரி இறகு சிலிர்த்துத் தலை தாழ்ந்திருந்தால், “சொறியச் சொல்லுது” என்று விரலை உள்ளே விடுவார். உடம்பு ஒடுங்கிக் கண் துடித்தால் கையை வைக்க மாட்டார். அந்தக் கிளி அவரைக் கடித்து நான் பார்த்ததே இல்லை.

உங்கள் மகனை உங்கள் கிளி ஏன் கடிக்கிறது என்பதை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். காக்டெயிலின் கண் கருமையானது. கருமணியின் துடிப்பு அதில் தெரியாது. அதற்குப் பதிலாக எல்லாரும் பார்க்கும்படி தலையில் ஒரு கொண்டை இருக்கிறது. பாதி எழுந்து பின்னால் சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. விறைத்து நேராக நின்றால் எதையோ கண்டு திடுக்கிட்டிருக்கிறது, அல்லது உன்னிப்பாகக் கவனிக்கிறது. தலையோடு தலையாகப் படிந்து ஒட்டிக்கொண்டால் பயம், சினம். பிள்ளையின் கை உள்ளே வரும்போது நடப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். முதலில் கொண்டை விறைக்கிறது. இறகுகளெல்லாம் உடலோடு ஒட்டி, பறவை பாதியாக மெலிந்துபோகிறது. ஒரு காலடி பின்னால் நகர்கிறது. கை இன்னும் வருகிறது. கொண்டை படிகிறது, உடல் பின்னால் சாய்கிறது, அலகு திறக்கிறது. பிறகு சீறுகிறது. அப்போதும் கை வருகிறது. அதற்கும் பிறகுதான் கடிக்கிறது. இத்தனை முறை வேண்டாம் என்று சொன்ன ஒன்றைப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னால் சொன்ன எதற்கும் பயன் இல்லை, கடித்தால் மட்டும் கை விலகுகிறது என்று ஒரு பறவை கண்டுகொண்டால், அது கொண்டையைத் தூக்குவதையும் சீறுவதையும் விட்டுவிட்டு எடுத்த எடுப்பில் கடிக்கத் தொடங்கும். திடீரென்று கடிக்கிறது, காரணமே இல்லாமல் கடிக்கிறது என்று பலர் சொல்லும் பறவைகளில் பெரும்பாலானவை இப்படி வீட்டில் உருவாக்கப்பட்டவைதாம். இறக்கை இறகை வெட்டிவிட்ட பறவைக்கு நிலைமை இன்னும் மோசம். பிடிக்கவில்லை என்றால் பறந்து விலகுவதுதான் அதன் இயல்பு, அந்த வழியையும் நாம் கத்தரித்துவிடுகிறோம். உங்கள் கிளி இன்னும் சீறுகிறது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நீங்கள் கேட்பீர்கள் என்ற நம்பிக்கை அதற்கு இன்னும் போகவில்லை.

ஆகவே மகன் கையை மேலிருந்து நீட்ட வேண்டாம். பருந்து வருவது மேலிருந்துதான். கூண்டுக்குள் துழாவவும் வேண்டாம். கதவைத் திறந்துவைத்து, அதுவே வெளியே வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். கையில் கொஞ்சம் தினைக் கதிர் இருந்தால் போதும். விரலை அதன் வயிற்றுக்குக் கீழே, கால் உயரத்தில் நீட்டினால், அது முதலில் அலகால் விரலைப் பற்றிப் பார்க்கும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பயந்து கையை இழுத்துவிடுவார்கள். அது கடி அன்று. கிளிக்கு அலகு மூன்றாவது கால். ஏறப்போகும் கிளை தாங்குமா என்று சோதிக்கிறது. அந்த நேரத்தில் விரல் ஆடினால் அந்தக் கையை அது நம்பாது. கை ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, என்னைப் பார்ப்பதே இல்லை என்றும் மகன் சொல்லக்கூடும். கிளியின் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. ஒருவரை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் அது தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும்.

இரவில் கேட்கும் அந்தச் சத்தத்துக்குக் கவலைப்படாதீர்கள். தூங்கப்போகும் கிளி, அலகின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒன்றோடொன்று மெல்ல அரைக்கும். ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி அது அப்படி அரைத்தால், அன்றைய பொழுதில் அதற்கு ஒரு குறையும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தகரத்தின் கீழே பகலைக் கழித்த பிறகும் உங்கள் வீட்டில் அது அப்படித் தூங்கப்போகிறது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் இளகிவிட்டது. இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காக்டெயில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். ஒன்றரை ஆண்டில் உங்கள் வீட்டின் குரல்களையும் காலடிகளையும் பழகிக்கொண்ட ஒன்றை, பேசவில்லை என்ற குற்றத்துக்காக வேறு கூண்டுக்கு அனுப்புவீர்களா? மகன் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வான் என்று யோசித்தீர்களா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பறவை உடம்பால்கூட மறைக்க முயலும் விஷயம் அது. காட்டில் சோர்ந்து காட்டிக்கொள்ளும் பறவை இரையாகிவிடும். அதனால் நோயைக் கடைசிவரை மறைக்கும். ஒருமுறை இறகைச் சிலிர்த்து உதறிக்கொண்டால் அது சோம்பல் முறிப்பது. மணிக்கணக்கில் பந்துபோல் உப்பி, இரண்டு கால்களிலும் நின்று, பகலிலேயே கண்ணை மூடியிருந்தால் நோய். கூண்டின் தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் இன்னும் முற்றிய நோய். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுறுப்பில் கோளாறு. கொசுவத்திப் புகையும் ஊதுவத்திப் புகையும் உள்ள அறையில் வைத்திருந்தால் அதை உடனே நிறுத்துங்கள், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது பறவை விஷயத்தில் ஆகாது. இறகு மறைப்பதை எடை காட்டிக்கொடுக்கும் என்பதால், வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். காக்டெயில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். அதில் பத்து கிராம் குறைந்தாலே அது பெரிய இழப்பு.

மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். கொண்டை எப்படி இருந்தது, அப்போது அறையில் யார் இருந்தார்கள், அதற்குப் பிறகு அது என்ன செய்தது என்று மட்டும் எழுதட்டும். கோபமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது என்றெல்லாம் முதலில் எழுத வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். பத்துப் பக்கம் நிறைந்ததும் அவற்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூண்டை எந்த அறைக்கு மாற்றினீர்கள், அங்கே மதியத்தில் அலகு மூடியிருக்கிறதா என்பதை மட்டும் நாளைக்கே நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்.