ஓசிடி (வேண்டாத எண்ணம் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) மாத்திரை மூன்று வாரமாகியும் பலன் இல்லை, நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். நீங்கள் சாப்பிடும் ஃப்ளூஆக்ஸெடின் 20 மி.கி. மூன்று வாரத்தில் ஓசிடியை அசைக்காதது சகஜம்தான். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். பலருக்கு 40, 60 மி.கி. வரைகூடத் தேவைப்படும். அளவை டாக்டர்தான் கூட்ட வேண்டும், நீங்களாக அல்ல.

எனக்கு உறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரி: படுக்கும் முன் கேஸ் ரெகுலேட்டரைப் பதினைந்து தடவை தொட்டுப் பார்க்கிறீர்கள், மனைவியும் “மூடியாச்சு” என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல் நோய்க்குத் தீனி. பதற்றம் ஐந்து நிமிடம் இறங்கும். “பார்த்ததால்தான் தப்பித்தோம்” என்று மூளை பதிந்துகொள்ளும். அதைவிட மோசம், திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க ‘மூடினேனா’ என்ற நினைவின் மேலேயே நம்பிக்கை தேய்ந்துபோகும். பதினைந்தாவது தடவை முதல் தடவையைவிடச் சந்தேகமாக இருப்பது அதனால்தான்.

இன்றிரவு செய்து பாருங்கள்:

1. குமிழை ஒரே முறை திருப்பி மூடிவிட்டு, சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். செல்போனில் படம் எடுக்காதீர்கள், அதுவும் சரிபார்ப்புதான்.
2. பதற்றத்துக்கு 0–10 மதிப்பெண் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள்.
3. நீங்கள் “மூடியாச்சா” என்று கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாமென்று மனைவியிடம் பகலிலேயே பேசிவிடுங்கள்.

முழுதாக முடியாவிட்டால், மறுபடி போய்ப் பார்ப்பதை முதலில் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். குறிப்பை அடுத்த முறை டாக்டரிடம் காட்டி, ஈஆர்பி பயிற்சி (பயத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை) பற்றிக் கேளுங்கள்.

இருப்புக் கொள்ளாத தவிப்பு, தூக்கமே தேவைப்படாத துள்ளல், தற்கொலை எண்ணம் எது வந்தாலும் 12 வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.