யுபிக்விட்டினும் ரைபோசோம் புரதங்களும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): யுபிக்விட்டின் ஒட்டிய புரதம் அழிந்துவிடும் என்று டியூஷனில் சொன்னார்கள். அவ்வளவுதானா சார்?

பாதி சரிம்மா. யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். ஈ1, ஈ2, ஈ3 என்ற நொதிகள் கைமாற்றி, அதை இன்னொரு புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் கோக்கின்றன. எந்தப் புரதத்தில் என்று முடிவு செய்வது ஈ3. அதில் மட்டும் நம் செல்களில் 600க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதன்மேல் அடுத்தடுத்து யுபிக்விட்டின் சேர்ந்து சங்கிலியாகும். யுபிக்விட்டினின் 48ஆவது இடத்தில் உள்ள லைசின் வழியாக நீண்ட சங்கிலி என்றால், செல்லின் நறுக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அந்தப் புரதத்தை நறுக்கிவிடும். 63ஆவது இடத்து லைசின் வழியாக என்றால் பெரும்பாலும் அழிவு இல்லை. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதங்களை அழைத்துவருவது போன்ற வேலைகள்தான்.

கேள்வி (பயோடெக் மாணவர்): ரைபோசோம் புரதத்தை உண்டாக்குகிறது, யுபிக்விட்டின் அழிவுக்கு அனுப்புகிறது. இரண்டையும் ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். மனிதரில் யுபிக்விட்டின் நான்கு மரபணுக்களிலிருந்து வருகிறது. யூபிபி, யூபிசி இரண்டும் யுபிக்விட்டினை மட்டுமே வரிசையாகத் தருபவை. யூபிஏ52, ஆர்பிஎஸ்27ஏ இரண்டிலும் யுபிக்விட்டினின் வாலில் ஒரு ரைபோசோம் புரதம் ஒட்டியே பிறக்கிறது! பிறகு ஒரு நொதி வெட்டிப் பிரிக்கிறது. யுபிக்விட்டினோடு சேர்ந்து பிறப்பதால் அந்தப் புரதம் ரைபோசோமில் போய்ச் சேர்வது எளிதாகிறது என்று ஈஸ்ட்டில் 1989இலேயே காட்டிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. மனித ரைபோசோமில் 80 புரதங்கள், 4 ஆர்என்ஏக்கள். ஜோடி சேராமல் மிஞ்சும் ரைபோசோம் புரதங்களை யுபிக்விட்டின் வழியாகத்தான் செல் அகற்றுகிறது. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவில் ஒரு ரைபோசோம் சிக்கி, பின்னால் வருவது அதன்மேல் மோதினால், இசட்என்எஃப்598 என்ற ஈ3 அங்கே வந்து ரைபோசோமின் இரு பிரிவுகளில் சிறியதன் புரதங்களில் யுபிக்விட்டினைக் கோக்கும். அப்புறம்தான் சிக்கிய ரைபோசோம் பிரிக்கப்படும்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்கு டயமண்ட் பிளாக்ஃபேன் அனீமியா. ரைபோசோம் மரபணுவில் கோளாறு என்கிறார்கள். ரைபோசோம் எல்லா செல்லிலும் இருக்கும்போது, ரத்தம் மட்டும் ஏன் குறைகிறது?

நல்ல கேள்வி அம்மா. இந்த நோயில் அதிகம் காணப்படுவது ஆர்பிஎஸ்19 மரபணுவின் கோளாறு. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அதுதான். ஒரு பிரதி பழுதானால் ரைபோசோம் சரியாகக் கூடுவதில்லை. அப்போது ஆர்பிஎல்5, ஆர்பிஎல்11 புரதங்கள் ரைபோசோமின் 5எஸ் ஆர்என்ஏவோடு சேர்ந்து எம்டிஎம்2ஐப் பிடித்துக்கொள்கின்றன. எம்டிஎம்2 ஒரு ஈ3. பி53 என்ற காவல் புரதத்தை யுபிக்விட்டின் கோத்து அழிவுக்கு அனுப்புவது அதன் வேலை. அது முடங்கியதும் பி53 பெருகி, செல்லின் வளர்ச்சியை நிறுத்துகிறது, சில சமயம் சாகவும் வைக்கிறது. சிவப்பணுவாகும் செல்கள் குறுகிய காலத்தில் ஏராளமாக ஹீமோகுளோபின் செய்தாக வேண்டும். அதனால் முதல் அடி அவற்றுக்கு. ஸ்டீராய்டு, ரத்தம் ஏற்றுதல், சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்று சிகிச்சை உண்டு. எது உங்கள் மகனுக்குப் பொருந்தும் என்பதை ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (வாசகர்): மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அப்பாவுக்குப் போர்ட்டெசோமிப் என்ற மருந்து போடுகிறார்கள். இதற்கும் யுபிக்விட்டினுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. அந்த மருந்து புரோட்டியசோமை அடைக்கிறது. மைலோமா செல்கள் ஓயாமல் ஆன்டிபாடி புரதம் செய்பவை. கோணலாக மடிந்தவற்றை அகற்ற வழியில்லாமல் போனால் அவை தாங்காது. அமெரிக்காவில் 2003இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. அப்பாவுக்குக் கை, காலில் மரமரப்பு, எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மருந்துக்கு நரம்பைப் பாதிக்கும் குணம் உண்டு. சீக்கிரம் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைக்க முடியும்.