‘உலகம்’ என்பது பூமிதானா, இல்லை நாமாக வைத்துக்கொண்ட ஒரு கருத்தா?

பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் ‘பூமி’ என்று வருகிறது, அடுத்த பக்கம் ‘உலகம்’ என்று வருகிறது, இரண்டும் ஒன்றா என்று உங்கள் மகள் கேட்டாள், சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு ஊர். இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே ரொம்ப நாளாகக் கிடப்பது என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றில்லை. அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், நாம் பேசுவதைக் கவனித்தாலே தெரியும். ‘ஊர் உலகம் என்ன சொல்லும்’ என்று பயப்படுகிறோம். பூமி என்ன சொல்லும் என்று யாரும் பயந்ததில்லை. கல்லல் பக்கம் ரெண்டு ஏக்கர் பூமி விலைக்கு வருகிறது என்று தரகர் சொல்வார், உலகம் விலைக்கு வராது. நிலவியல் படித்துப் பட்டம் வாங்கியவனையே அவன் மாமியார் ‘உலகம் தெரியாத பிள்ளை’ என்பார், அது தப்பாகவும் இருக்காது.

பூமியைப் பற்றிச் சொல்வது சுலபம். அது ஒரு கோள். வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். நடுக்கோட்டில் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு தண்ணீர். நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் ஒப்பித்தால் தலையாட்டுவார்கள், ஒன்றும் நிற்காது. நான் வேறு மாதிரி செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். ஒரு விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்திருந்தபோது கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாக்களில் ஒன்றை முகப்பில் வைத்தோம். வாய் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதுதான் சூரியன். அந்த அளவுக்குப் பூமி ஒரு மிளகு, 5 மில்லிமீட்டர். சரி, மிளகை எங்கே வைப்பது? எங்கள் வட்டாரத்து வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். அளக்கிற நாடாவைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போனார்கள். 59ஆவது மீட்டர் பின்கட்டு வாசல்படியில் விழுந்தது. அங்கே மிளகு. அதற்குப் பக்கத்தில் 15 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சாண்கூட இல்லை, பொடிக் கடுகு ஒன்று. அது நிலா. மனிதன் இதுவரை நேரில் போன தூரமெல்லாம் அந்தக் கடுகு வரைக்கும்தான்.

சின்னப் பேத்தி குப்புறப் படுத்து மிளகை உற்றுப் பார்த்தாள். “ஐயா, இதுல நம்ம வீடு எங்க இருக்கு?” என்றாள். சாயங்காலம் மறுபடி காட்டலாம் என்று தேடினால் மிளகைக் காணோம். வாசலைப் பெருக்கியாயிற்று.

பூமியும் ஒரு கோள் என்பதே நமக்குப் புதுச் செய்திதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது அப்பத்தாவோடு சிவன் கோயிலில் நவக்கிரகம் சுற்றுவேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் கோள்களின் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு இருக்கிறது, திங்கள் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாத ராகு கேதுகூட இருக்கிறார்கள். பூமி மட்டும் அந்த ஒன்பதில் இல்லை. கேட்டேன். அப்பத்தா நிற்காமல் சுற்றிக்கொண்டே, “நீ எதுமேல நிக்கிறயாம்?” என்றார்கள். அவ்வளவுதான் பதில். இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. வானத்தில் நகர்கிறவற்றைக் கணக்கெடுத்தபோது எண்ணுகிறவன் நிற்கும் இடத்தை யாரும் சேர்க்கவில்லை. அதையும் அந்த வரிசையில் ஒன்றாக வைத்த கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல்தான் அச்சாயிற்று. பூமியை முழு உருண்டையாக, ஒரு மனிதன் கையால் எடுத்த படத்தில் எல்லோரும் பார்த்தது 1972 டிசம்பரில், நிலாவுக்கு அப்பல்லோ 17 போனபோது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன்.

இனி உலகத்துக்கு வருகிறேன்.

என் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) அப்பச்சி, 1929இல் பதினைந்து வயதில் பர்மாவில் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடன் கொடுக்கும் தொழிலுக்கு, போனவர். முதலில் பெட்டியடிப் பையன் என்கிற கடை எடுபிடி, அப்புறம் அடுத்தாள் என்கிற உதவியாளர். மூன்று வருடச் சம்பளச் சீட்டு (ஒப்பந்தம்) முடிந்தால் ஊர், பிறகு மறுபடி கப்பல். எங்கள் பட்டாலைக் கூடத்துச் சுவரில் அவர் கொண்டுவந்த உலகப் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதில் இந்தியாவும் பர்மாவும் ஒரே ரோஸ் நிறம். பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடமெல்லாம் அந்த நிறம்தான் என்றாலும், இது வேறு கதை: 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ஆக ஐயா போனபோது வெளிநாடு போகவில்லை, வேறு மாகாணத்துக்குப் போனார். கடைப் பெட்டியை விட்டு எழுந்திருக்காமலே, ஒரு நாள் காலையில் வெளிநாட்டில் இருந்தார். மண் ஓர் அங்குலம் நகரவில்லை.

அப்பத்தா மதுரை, பழனி தாண்டிப் போனதில்லை. சென்னையைப் பார்த்ததே இல்லை. ஆனால் ரங்கூன் முகல் தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று வரிசையாகச் சொல்வார்கள். கடிதத்தில் வந்து வந்து மனப்பாடம். ஐராவதிப் படுகையில் நெல் என்ன விலை போகிறது என்பது எங்கள் ஊரில் அடுப்படிப் பேச்சு, ஏனென்றால் அந்த விவசாயிக்குக் கொடுத்த கடன்தான் இங்கே தூணாகவும் நிலையாகவும் நின்றது. 1930ஐ ஒட்டி அங்கே நெல் விலை விழுந்தபோது இங்கே பாதி கட்டின வீடுகளில் கொத்தனார் வேலை நின்றது. அப்பத்தாவுக்கு ரங்கூன் பக்கம், சென்னை தூரம். பூமியை அளந்தால் இது தப்பு. அவர்களுடைய உலகத்தை அளந்தால் சரி.

அவர்கள் சீரில் வந்த எனாமல் தூக்கு ஒன்று இன்னும் இருக்கிறது. வெள்ளையில் நீல விளிம்பு, ஒரு பக்கம் பெயர்ந்து கறுத்திருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முத்திரை: மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியபோது எங்களை அதைத்தான் படிக்கச் சொல்வார்கள், முழுதாகச் சொன்னவனுக்கு ஒரு சீடை. 1993 ஜனவரி 1இலிருந்து அப்படி ஒரு நாடு கிடையாது, செக், சுலோவாக்கியா என்று இரண்டாகிவிட்டது. அந்தத் தூக்கைச் செய்த ஊரின் மலையும் ஆறும் இருந்த இடத்தில்தான் இருக்கும். தூக்கும் ஓட்டையில்லாமல் இருக்கிறது, மோர் மிளகாய் போட்டு வைத்திருக்கிறோம். போனது உலகத்தின் ஒரு துண்டு.

இதைவிட நன்றாக எனக்குப் புரிய வைத்தது பர்மாவின் நூறு கியாட் நோட்டு ஒன்று. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஐயா நடந்தே வந்து சேர்ந்தவர். சண்டை முடிந்ததும் திரும்பிப் போனார். 1963இல் வங்கிகளை, அடுத்த வருடம் கடைகளை அங்குள்ள ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஐயா ஊர் திரும்பியபோது பெட்டிக்குள் மடித்த வேட்டிக்கு நடுவில் அப்படி ஒரு நோட்டு தங்கிப்போயிருந்தது. நான் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறேன். தாள் நயம், மை மங்கவில்லை, கிழிசல் கிடையாது. முதல் நாள் மூட்டை அரிசி வாங்கியிருக்கக்கூடியது. தாளுக்கு எந்தக் குறையும் வரவில்லை. அதைக் காசு என்று ஒத்துக்கொண்டிருந்த ஆட்கள் விலகிவிட்டார்கள், அவ்வளவுதான். உலகம் என்பது எனக்கு அந்த ஒத்துக்கொள்ளுதல். நாடு, எல்லை, காசு, கடன், மானம், முறை, நாள் கிழமை எல்லாம் அதில் அடக்கம். மனிதன் வைத்துக்கொண்ட கருத்துதான், ஆனால் ‘வெறும் கருத்து’ என்று யாராவது சொன்னால் ஐயாவுக்குக் கோபம் வந்திருக்கும். முப்பத்தைந்து வருட உழைப்பு அந்த வெறும் கருத்தில்தான் போயிற்று.

நம் பழைய ஆட்களும் இந்தச் சொல்லை இப்படித்தான் புழங்கியிருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் முல்லை நிலத்துக்குப் பெயர் ‘காடுறை உலகம்’, குறிஞ்சிக்கு ‘மைவரை உலகம்’, மருதத்துக்கு ‘தீம்புனல் உலகம்’, நெய்தலுக்குப் ‘பெருமணல் உலகம்’. நாலு உலகங்கள், ஒரே மண்ணில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடலாம். குறளில் ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று வருகிற இடத்தில் பரிமேலழகர் உலகம் என்பதற்கு உயர்ந்தோர் என்று பொருள் கொள்கிறார். கோளோடு ஒட்டி ஒழுகு என்று யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லையே, எப்படியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கிலீஷ்காரனின் ‘வேர்ல்டு’ என்ற சொல்லைப் பிரித்தாலும் மண் உதிராது. மனிதன், காலம் என்ற இரண்டு பழைய சொற்கள் சேர்ந்த சொல் அது. எங்கள் பெரியய்யா ஒருவர் மலாயாவில் கடை வைத்திருந்தவர், உலகத்தைத் ‘துனியா’ என்பார். அரபியிலிருந்து மலாய்க்குப் போன சொல், அண்மையில் இருப்பது என்பது அதன் வேரில் இருக்கும் பொருள்களில் ஒன்று. ‘உலகம்’ வடமொழி ‘லோக’த்திலிருந்து வந்ததா, தமிழ் வேரா என்று கேட்டால் அதற்கு ஒரு பெரிய சண்டையே உண்டு, அதை வேறு கேள்வியில் வைத்துக்கொள்வோம்.

கணியன் பூங்குன்றனாரை மட்டும் விட முடியாது, எங்கள் பக்கத்துக்காரர். திருப்பத்தூருக்கு அருகே இருக்கும் மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்பார்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற அவருடைய வரியை இப்போது எல்லோரும் உலக ஒற்றுமைக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வரியில் உலகம் என்ற சொல் கிடையாது, பூமியும் கிடையாது. ஊரும் உறவுமுறையும் மட்டும்தான். தூரத்து இடத்தைத் தன்னுடையதாகச் சொல்ல அந்த மனுஷனுக்கு ‘ஊர்’ என்ற சொல்லே போதுமாக இருந்திருக்கிறது. ரங்கூனில் இருந்தவர்கள் அந்தப் பாட்டைப் படித்தார்களோ இல்லையோ, தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டி, பூசத்துக்குக் காவடி எடுத்து, அங்கேயும் ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஒருவேளை உங்கள் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் பூமி என்று ஒன்று நமக்குத் தெரியவே தெரியாதா, எல்லாம் நம் கருத்துதானா என்று மடக்கலாம். தெரியும். செட்டிநாட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் பூமி தானே வந்து காட்டிக்கொடுக்கும். காரைக்குடி இருப்பது ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16, 17 வாக்கில், மதியம் சுமார் 12:15க்கு வளவு முற்றத்தில் ஓர் உலக்கையைச் சாயாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி உலக்கையின் பூணுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சூரியன் நேர் உச்சியில். ஆகஸ்டு கடைசி வாரத்திலும் ஒரு முறை வரும், அப்போது மேகம் மறைத்தாலும் மறைக்கும். ரங்கூனில் இது மே முதல் வாரத்தில்தான். நம் முற்றத்தில் நிழல் மறையும் அந்த நிமிடத்தில் ரங்கூன் கடிகாரத்தில் மணி 1:15. அங்கே நிழல் ஏற்கெனவே கிழக்கே சாய ஆரம்பித்திருக்கும்.

உலக்கை இல்லாவிட்டால் செங்குத்தான டம்ளர் போதும். கல் தரை சுடும், பிள்ளையைச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.